முதல் பத்து வருஷம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. "மாமா, நீங்க சொன்னாக் கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நீட் எழுத மாட்டாளாம். காட்டு விலங்கு பத்திப் படிக்கப் போறாளாம். அதெல்லாம் ஒரு வேலையா மாமா?"

பேத்தி நாமக்கல்லில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது மூன்று: லாரி, முட்டை, விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம். தென் மாவட்டங்களில் இருந்தெல்லாம் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளை மருத்துவம் வேண்டாம் என்றால் வீட்டில் இடி விழுந்த மாதிரிதான்.

"அனுப்பி வையுங்க மாப்பிள்ளை, நான் பேசறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என்ன பேசுவது என்று தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் சரித்திரம் நடத்தியவன் நான். பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தின் சரித்திரத்தைப் பார்ப்பது பழக்கம். காட்டையும் பறவையையும் விலங்கையும் வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் நம் நாட்டில் எப்படித் தொடங்கினார்கள், முதல் சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குள் என்னுடைய பழைய தப்பு ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் இது தொழிலே இல்லை. இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஜெர்டன் ராணுவ மருத்துவர். ஹியூம் ஐ.சி.எஸ். அதிகாரி, காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம்தான். விஸ்லர் பஞ்சாபில் போலீஸ் அதிகாரி. சம்பளம் வேறு இடத்தில் இருந்து வந்தது, பறவை பொழுதுபோக்காக இருந்தது. 1929, 1930 வாக்கில் வெர்னே என்ற செல்வந்தர் பணம் கொடுத்து, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நம் சேர்வராயன் மலைக்கும் அந்தக் குழு வந்தது. அப்போதெல்லாம் ஆய்வு என்றால் துப்பாக்கிதான். சுட்டு, தோலை உரித்துப் பாடம் செய்து அனுப்புவார்கள். முடிவுகளை விஸ்லரும் கின்னியரும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வருஷக்கணக்கில் எழுதினார்கள். ஏற்காட்டுப் பறவைகளைப் பற்றி இன்று படிப்பவர்களும் அந்தக் கட்டுரைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வு நடந்த அதே சமயத்தில், இதையே முழுநேர வேலையாகச் செய்ய ஆசைப்பட்ட ஓர் இந்தியர் வேலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் சாலிம் அலி.

சாலிம் அலி 1896ல் மும்பையில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். பத்து வயது வாக்கில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் பையனை அனுப்பினார். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அந்தக் கதை பலருக்கும் தெரியும், பாடப் புத்தகத்திலும் வந்திருக்கிறது. நான் கவனித்தது அதற்குப் பிறகு நடந்ததை.

பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்க்கப் போனார், அது நொடித்துப் போனது. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. 1926ல் மும்பை அருங்காட்சியகத்தில், வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போய், பெர்லினில் ஸ்ட்ரெஸமான் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். 1930ல் திரும்பி வந்தபோது, பணம் இல்லை என்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். வயது முப்பத்துமூன்று. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வெளிநாட்டுப் பயிற்சி கையில், வருமானம் இல்லை. நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் போய் இருந்தார். அந்த மழைக்காலத்தில் அங்கே கூடு கட்டிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவிகளை உட்கார்ந்து கவனித்தார். வேலை இல்லாத மனிதன் செய்த அந்த வேலைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

தூக்கணாங்குருவியை நமக்குத் தெரியாதா? ராசிபுரம், சேந்தமங்கலம், மோகனூர்ப் பக்கம் கவலை ஓட்டிய காலத்தில், கிணற்றுக்கு மேல் சாய்ந்திருக்கும் வேலமரத்திலும் ஈச்சமரத்திலும் இருபது முப்பது கூடு தொங்கும். கீழே தண்ணீர், மேலே முள். பாம்பும் பையன்களும் நெருங்க முடியாது. குரங்குக்குப் புத்தி சொல்லிக் கூட்டைப் பறிகொடுத்த தூக்கணாங்குருவியின் கதையை நாம் எல்லோரும் திண்ணையில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் குருவி எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று நாம் பார்க்கவில்லை. சாலிம் அலி பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் பக்கத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கும். இதை அவர் வரிசையாகக் கவனித்து 1931ல் எழுதினார். பெண் குருவிக்குப் பிடிக்காததால் பாதியில் விடப்பட்ட கூடுகள் நம் கிணற்று மேட்டிலும் எத்தனையோ தொங்கின. ஆண் குருவி உட்கார்ந்து ஊஞ்சலாடக் கட்டிய கூடு என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததைக் கேட்டால் மாப்பிள்ளைக்கு மயக்கமே வந்துவிடும். சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று முன்வந்தார். அப்படித்தான் ஹைதராபாத் கணக்கெடுப்பு நடந்தது, பிறகு திருவிதாங்கூர், கொச்சி. சம்பளம் இல்லாமல் குடும்பம் எப்படி ஓடியது? தெஹ்மினாவுக்கு என்று சிறு வருமானம் இருந்தது. அதில் சிக்கனமாக ஓட்டினார்கள். அந்த அம்மையார் காட்டு முகாம்களுக்கும் கூடவே போய், சமையல் முதல் சாமான் வரை பார்த்துக்கொண்டார். 1939ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். சாலிம் அலிக்குப் பெரும் பெயர் கொடுத்த இந்தியப் பறவைகள் நூல் வந்தது 1941ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இரண்டாவது மனிதர் நம் தமிழ்நாட்டுக்காரர், மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். 1912ல் திருநெல்வேலியில் பிறந்தார். மாதவையா உப்பு இலாகா உத்தியோகத்தை முன்கூட்டியே விட்டுவிட்டுத் தமிழுக்காக அச்சகமும் பத்திரிகையும் நடத்தியவர். 1925ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய கையோடு உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

மாநிலக் கல்லூரியில் பைசன் என்ற தாவரவியல் பேராசிரியரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ச் செடிகொடிகளைக் கற்றுக்கொண்டார். மதிப்பெண் பெரிதாக இல்லை. சட்டமும் படித்தார், வக்கீலாக நிலைக்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், படம் வரைந்தார். அதில் குடும்பம் நடத்த முடியாமல் 1942ல் பெல்லாரிப் பக்கம் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல வேலைகள். நடுவில் ஆடு மேய்த்தார், தபால் புறா வளர்த்தார். சமஸ்தானம் 1949ல் இந்தியாவோடு இணைந்ததும் அந்த வேலையும் போயிற்று. வேறு உத்தியோகம் தேடாமல் சென்னைக்குத் திரும்பி எழுத்தையும் காமிராவையும் நம்பி உட்கார்ந்துவிட்டார்.

1950ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 46 வருஷம் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறந்தார். அன்றைக்கும் அவருடைய பத்தி பத்திரிகையில் வந்திருந்தது. யானையையும் புலியையும் எழுதிய அதே கையால் ஓணானையும் காக்கையையும் வீட்டுப் பல்லியையும் எழுதினார். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி ஆய்வு செய்ய நேரு நினைவு நிதியின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது 1968ல். வயது ஐம்பத்தாறு. நாமெல்லாம் பென்ஷன் கணக்குப் போடும் வயதில்தான் அவருக்கு ஒழுங்கான ஆதரவு வந்தது.

கிருஷ்ணன் தமிழிலும் நிறைய எழுதினார். அவை பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' வந்தது. பிறகு நம் நாமக்கல் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்து 'பறவைகளும் வேடந்தாங்கலும்' வந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் பழைய தாள்களைத் தேடி எடுத்துத் தொகுத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு பெருமை. பேத்தி மேசையிலும் அந்தப் புத்தகம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மூன்றாமவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். இவர் நம் காலத்து மனிதர். 1945ல் நாங்குநேரியில் பிறந்தார். களக்காட்டு மலையைப் பார்த்து வளர்ந்தவர். ஜிம் கார்பெட்டின் புத்தகங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் படித்து, சிவகாசியில் ஒரு கல்லூரியில் ஆசிரியரானார். நல்ல வேலை, மாதச் சம்பளம். அந்த நாற்காலியில் இருந்தே ஓய்வு பெற்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் 1976ல் இருந்து 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். செந்நாய் என்றால் அன்று வேட்டைக்காரனுக்கும் வனத்துறைக்கும் எதிரி; கொன்றால் பரிசு கொடுத்த காலம் அதற்கு முன்பு இருந்தது. அது கூட்டமாக எப்படி வேட்டையாடுகிறது, என்ன தின்கிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது என்று பார்த்து எழுதினார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை ஓர் இந்தியர் அறிவியல் முறையில் ஆராய்ந்தது அதுதான் முதல் முறை என்று சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1985ல் டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்தார். 2005 வரை அங்கே இருந்தார். இன்று இந்தியாவெங்கும் புலி, யானை, சிறுத்தை என்று ஆராய்பவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், அவரோடு காட்டில் நடந்தவர்கள். ஓய்வுக்குப் பிறகும் நடையை விடவில்லை. 2024 ஜூனில் பெங்களூரில் காலமானார்.

மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் இந்த மாதிரி ஆட்களின் துணிச்சலைப் பேசுகிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. மூன்று பேருக்கும் ஏறக்குறைய பத்து வருஷம், கிருஷ்ணனுக்கு அதற்கும் மேல், ஆசைப்பட்ட வேலைக்கும் வயிற்றுச் சோற்றுக்கும் சம்பந்தம் இல்லாமல் ஓடியிருக்கிறது. அந்தப் பத்து வருஷத்தை யாரோ தாங்கியிருக்கிறார்கள். சாலிம் அலியைத் தாங்கியது மனைவி. கிருஷ்ணனைத் தாங்கியது ஒரு குட்டி சமஸ்தானத்தின் சம்பளமும், குறைந்த வருமானத்தில் குடித்தனம் நடத்திய அவர் வீடும். ஜான்சிங்கைத் தாங்கியது ஆசிரியர் வேலை. தாங்க ஆள் இல்லாமல் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் பெயர் சரித்திரத்தில் வராது.

அப்படி விட்ட ஒருவனை எனக்குத் தெரியும். முன்னே சொன்ன என் தப்பு அதுதான்.

1986ம் வருஷம். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். பையன் படிப்பில் நடுத்தரம். ஒரு நாள் அவன் பையில் இருந்து பழைய கணக்கு நோட்டு ஒன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் இருந்து பறவைகள். செம்போத்து, கரிச்சான், மீன்கொத்தி, கௌதாரி என்று பெயர் எழுதி, எந்தக் கிணற்று மேட்டில், எந்த மாதம், எத்தனை முட்டை என்று குறித்து வைத்திருந்தான். தூக்கணாங்குருவிக் கூட்டைப் படமும் போட்டிருந்தான். "இதை வச்சு என்னடா பண்ணப் போற?" என்றேன். "காட்டு ஆபீசரா, இல்ல பறவைய ஆராய்ச்சி பண்றவங்களா ஆகோணுங்க ஐயா" என்றான். நான் சிரித்தேன். "இதுக்கெல்லாம் நம்ம நாட்டுல வேலை கிடையாது. ஒழுங்கா டைப்ரைட்டிங் கத்துக்கிட்டுப் பரீட்சை எழுது" என்றேன். வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

அவன் கெட்டுப்போகவில்லை. லாரி பைனான்ஸ் ஒன்றில் சேர்ந்தான். இன்றைக்குச் சொந்த வீடு இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது ஓடிவந்து பந்தியில் இடம் பிடித்துக் கொடுத்தான். "அந்த நோட்டு இருக்குதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தான். பிறகு, "வீடு மாத்துனப்போ போயிடுச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இப்போது தேதிகளைப் பார்க்கிறேன். இந்தியக் காட்டுயிர் நிறுவனம் தொடங்கியது 1982. ஜான்சிங் அங்கே போனது 1985. நான் வகுப்பில் சிரித்தது 1986. அங்கே முதுகலைப் படிப்பு வந்தது 1988. வேலை கிடையாது என்று நான் அடித்துச் சொன்ன நாளில் அந்த வேலை பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. சரித்திர ஆசிரியன் நான், என் காலத்துச் சரித்திரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கிடையாது என்று சொன்னேன்.

இன்று நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரி இருக்கிறது. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் காட்டுயிர் உயிரியல் என்றே முதுகலை இருக்கிறது. கோயம்புத்தூர் ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலேயே 1990ல் ஆராய்ச்சி மையம் வந்தது. வனத்துறைத் தேர்வுகள் இருக்கின்றன. ஆனால் முதல் சில வருஷம் குறைந்த ஊதியம், திட்டம் முடிந்தால் வேலை முடியும், காட்டில் தனியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இன்றும் மாறவில்லை. இதை மறைத்துப் பேசினால் அதுவும் பொய்தான்.

பேத்தி வந்தாள். திட்டுவேன் என்று எதிர்பார்த்து முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள். மூன்று பேர் கதையையும் சொன்னேன், நோட்டுப் பையன் கதையையும் சொன்னேன். "அப்பிச்சி, நீங்க அந்த அண்ணங்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வேறு எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீட்டுக்காக இரண்டு வருஷம் விடுதியில் சேர்க்க அவர் ஒதுக்கி வைத்திருந்த பணம் எவ்வளவு, பி.எஸ்ஸி. விலங்கியலுக்கும் மேல்படிப்புக்கும் எவ்வளவு ஆகும், வேலை நிலைக்கும் வரை வருஷத்துக்கு எவ்வளவு தேவை என்று தாளில் எழுதினோம். என் பென்ஷனில் இருந்து ஒரு பங்கு தருகிறேன் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "கல்யாணம், மாமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "பன்னெண்டாவது முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை என்பது எனக்குப் போதும்.

மறுநாள் காலையில் பேத்தியைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். போர்வெல் வந்த பிறகு பழைய கிணற்றில் தண்ணீர் இல்லை, பாதி மண் மூடிக் கிடக்கிறது. மேட்டு ஈச்சமரத்தில் மூன்று கூடுகள்தான் தொங்கின. அதில் ஒன்று பாதியில் நின்ற கூடு. ஏன் பாதியில் நின்றது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள். பிறகு பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்துத் தேதி எழுதினாள்.

அந்த மாணவனின் நம்பரைத் தேடி வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வாரம் பேச வேண்டும்.